செவ்வாய், வெள்ளி வரும் கணக்கு ஆசிரியர்

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், அவளுடைய கணக்கு நோட்டில் ஒரு சிவப்பு மைக் கோடுகூட இல்லை என்பதை ஆகஸ்ட் மாதம்தான் கவனித்தேன். எல்லாக் கணக்குக்கும் விடை சரியாக இருந்தது. கையெழுத்தும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அதைத் திருத்தியதாகத் தெரியவில்லை.

"யாருடி உங்களுக்குக் கணக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கல. கைடைப் பார்த்து எழுதச் சொல்லுவாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு தமிழ் மிஸ் வந்து உக்காந்திருப்பாங்க."

"எப்போலேருந்து?"

"ஸ்கூல் திறந்ததுலேருந்து."

மத்தியானம் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொரோனா முடிந்த வருடம் அவளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தது நான்தான். என் கணவருக்கு அதில் மனம் இல்லை. "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க" என்று இரண்டு வருடமாக அவரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அது பொய்யும் இல்லை. முந்தைய வருடம் அங்கே இருந்த கணக்கு ஆசிரியர் அவ்வளவு நல்லவர். மே மாதம் அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்; மெதுவாகப் பேசுவார். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"கேட்டிருக்கோம்மா. மாசா மாசம் எழுதி அனுப்பறேன். வந்துடுவாங்க."

"எப்போ மேடம்?"

"அது என் கையில இல்லையேம்மா."

வேறு யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றாமல் வெளியே வந்துவிட்டேன்.

நான் சேலையூரில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். டி.டி.பி. வேலையும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அடித்துத் தரச் சொல்லி மாதத்துக்கு நான்கைந்து பேராவது வருவார்கள். பட்டா, கால்வாய், தெருவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறேன். 'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்' என்று என் விரல்கள் தாமாகவே அடிக்கும். ஆனால் எந்த மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்காக ஒரு மனு அடிப்பேன் என்று அதுவரை நினைத்ததே இல்லை.

அன்று மாலை அடித்தேன். நான்கு கேள்விகள். ஒன்று, இப்பள்ளிக்கு மேற்படி ஆசிரியர் பணியிடம் உள்ளதா? இரண்டு, அப்பணியிடத்தில் தற்போது யாரேனும் பணியில் உள்ளாரா? மூன்று, வகுப்புகள் எந்தெந்த நாட்களில் நடத்தப்படுகின்றன? நான்கு, அதற்கான வருகைப் பதிவேட்டை நான் நேரில் பார்வையிடலாமா? மேலே பொருள் என்ற இடத்தில் மட்டும் கணிதப் பட்டதாரி ஆசிரியர் என்று எழுதினேன். கேள்விகளில் 'மேற்படி' என்றே போட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் அடித்துக் கொடுப்பது வழக்கம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். இருபதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தங்கள் மனு இவ்வலுவலகத்தைச் சார்ந்தது அல்ல, ஆகவே வேறு அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது என்று இருந்தது. எங்கள் பகுதி நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆகிவிட்டது. மாவட்டமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பள்ளி மட்டும் அதே வேப்பமரத்தடியில் அதே இடத்தில்தான் நிற்கிறது. அது யாருடைய பள்ளி என்பதில்தான் சிக்கல். அடுத்த மாதம் இன்னொரு கடிதம். அதிலும் வேறோர் அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் இரண்டையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன். நான் கேட்டது இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நவம்பர் தொடக்கத்தில், வேளச்சேரி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாள், தபால்காரர் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு தாள்கள். முதல் தாள் என் பெயருக்கு வந்த கடிதம். தாங்கள் கோரிய தகவல்கள் இணைப்பில் உள்ளன என்று ஒரே ஒரு வரி. இரண்டாவது தாள்தான் இணைப்பு. அதில் என் கேள்விகள் இல்லை. பதில்கள் மட்டும் இருந்தன.

ஒன்று, ஆம். இரண்டு, ஆம், பணியில் உள்ளார். மூன்று, செவ்வாய் மற்றும் வெள்ளி. நான்கு, பள்ளி வேலை நேரத்தில் பார்வையிடலாம்.

கீழே வட்டமாக நீல நிற முத்திரை.

நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆசிரியர் இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். அப்படியானால் என் மகள் சொன்னது?

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை உங்களுக்கு யாரு வர்றாங்க?"

"செவ்வாய்க்கிழமையா? பி.டி. பீரியடு இருக்கு. பி.டி. சார் வருவாரு."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை லைப்ரரி. ஆனா லைப்ரரி பூட்டியிருக்கும். ஏம்மா?"

"கணக்கு மிஸ் யாரும் வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வந்தா எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு கோபம் தெரிந்தது. நான் அவளை நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய் காலை கடையைத் திறக்காமல் பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் போய் நின்றேன். எட்டே முக்காலிலிருந்து ஒவ்வோர் ஆசிரியராக உள்ளே போவதைப் பார்த்தேன். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். பத்து மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தார். தோளில் பை, கையில் ஒரு கோப்பு. இவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டில் போய் வாட்ச்மேனைக் கேட்டேன். தடுப்பூசி போட வந்த நர்ஸ் என்றார். பன்னிரண்டு மணி வரை நின்றேன். வெள்ளிக்கிழமையும் போய் நின்றேன். டீக்கடைக்காரர், "இன்னாக்கா, யாரைத் தேடினு கீறே?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அப்போது என் மனசுக்குள் இரண்டு விளக்கங்கள்தான் இருந்தன. ஒன்று, என் பெண் பொய் சொல்கிறாள். இன்னொன்று, பள்ளியில் பொய் சொல்கிறார்கள். முத்திரை போட்ட தாள் தவறாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஐம்பது தாள் அடிக்கிறவள் நான். எத்தனை தாளில் எத்தனை பிழை விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அப்படியும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்புத் தாளைப் படம் எடுத்துப் போட்டேன். 'கணக்கு ஆசிரியர் பணியில் இருப்பதாக அரசு பதில் தந்துள்ளது. நம் பிள்ளைகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை' என்று எழுதினேன். இது முழுக்க உண்மை என்று நம்பித்தான் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் குழு பற்றிக்கொண்டது. பேரில் மட்டும் ஒரு ஆள் இருக்கிறார் என்றார் ஒருவர். அது தலைமையாசிரியையின் சொந்தக்காரர் என்று எங்கேயோ கேள்விப்பட்டதாக இன்னொருவர் எழுதினார். எங்கே கேள்விப்பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 'நீங்க தைரியமா கேட்டீங்க சிஸ்டர்' என்று எனக்குப் பாராட்டு வந்தது. அதைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மறைத்துப் பயனில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். படம் அவருடைய போனுக்கும் போயிருந்தது. நான் போனபோது மேசை மேல் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்கம்மா. நீங்க பாக்கலாம்னுதானே போட்டிருக்காங்க."

ஜூன் முதல் நவம்பர் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கணிதம் என்ற வரிசையில் பெயர் இல்லை. ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையில் 'காலி' என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. வேறு எதுவும் இல்லை.

"அப்புறம் ஏன் மேடம் இருக்காங்கன்னு பதில் குடுத்திருக்காங்க?"

"அதைத்தாம்மா நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் ஸ்கூலுக்கு ஒரு டீச்சரைப் போட்டு, அவங்க எங்கேயோ வேலை பாத்துட்டு, சம்பளக் கணக்கு மட்டும் என் ஸ்கூல்ல இருக்கோ? இல்ல, எனக்கு வர வேண்டிய ஆர்டர் ஏதாவது வராமப் போயிடுச்சோ? எனக்கே குழப்பமா இருக்கும்மா. ஆபீஸுக்குப் போன் பண்ணா யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. சொந்தக்காரங்கன்னு வேற எழுதியிருக்காங்க. எனக்கு இந்த ஊர்ல சொந்தம்னு யாரும் கிடையாது."

முப்பது வருடம் பாடம் எடுத்த ஒருவர், ஜெராக்ஸ் கடைக்காரி ஒருத்தி முன்னால் பதிவேட்டை விரித்து வைத்து, தான் திருடவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் ஆபீஸுக்கே போய்க் கேட்டுட்டு வர்றேன் மேடம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எதற்குக் கேட்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெளிவாக இல்லை.

மழையால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போய், டிசம்பரில்தான் போக முடிந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். பதில் அனுப்பிய கல்வி அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வராந்தா முழுவதும் கோப்புகளைக் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்தார்கள். அந்தக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, என் வயதுள்ள ஒரு பெண் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். என் இரண்டு தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்களோடது இல்லையே."

"என் பேர் போட்டிருக்கே மேடம்."

"லெட்டர் உங்களோடது. இணைப்பு உங்களோடது இல்ல. இங்க பாருங்க." இரண்டு தாள்களிலும் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருந்த கோப்பு எண்ணைக் காட்டினார். கடிதத்தில் ஓர் எண். இணைப்பில் வேறோர் எண். கடைசி இரண்டு இலக்கம் மாறியிருந்தது.

அந்தத் தாளை நான் குறைந்தது நூறு முறையாவது பார்த்திருப்பேன். எழுத்தைச் சரிபார்ப்பதுதான் என் தொழில்.

அவர் கோப்புகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார். ஒரே நாளில் இரண்டு பதில்கள் அனுப்பியிருக்கிறார்கள். உறையில் போடும்போது இணைப்புகள் இடம் மாறிவிட்டன. என் பதில், திருநீர்மலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் போயிருந்தது. அவர் மனுவிலும் என்னுடையதைப் போலவே 'மேற்படி ஆசிரியர்' என்று அதே நான்கு கேள்விகள். "இடம் மாத்தற அவசரத்துல நடந்திருக்கும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் ஒட்டினதுதான்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரே அந்த ஆளுக்குப் போன் செய்து வரச் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிறவராம், பல்லாவரத்தில் சவாரி இறக்கிவிட்டு வருகிறேன் என்றாராம். என்னையும் இருக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்தார். அதுதான் எனக்கு வர வேண்டிய பதில். ஒன்று, இல்லை, மேற்படி பணியிடம் உபரி எனக் கண்டறியப்பட்டுச் சென்ற ஆண்டே துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு, இல்லை. மூன்று, எழவில்லை. நான்கு, எழவில்லை.

உதவியாளர் நடந்ததைச் சொன்னார். ஆட்டோக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாக்கா கேட்டே?"

"கணக்கு டீச்சர் இருக்காங்களான்னு கேட்டேன்."

"நான் ஸ்பெஷல் டீச்சரைக் கேட்டேன். எம்பொண்ணுக்குக் காலு வராது, கையும் சரியாப் புடிக்காது. பத்து வயசு. அதுக்கு எய்தச் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சர் வருவாங்கோ. நல்ல டீச்சர். ஜூன்லேந்து வர்ல. அதான் ஒரு ரைட்டராண்ட சொல்லி மனு போட்டேன்." தாளைத் தடவிக்கொண்டே பேசினார். "இதுல இல்லன்னு போட்டு கீறாங்க. அப்பாலிக்கா எழவில்லைன்னு கீது. எழவில்லைன்னா இன்னாக்கா? எம்பொண்ணு எந்திரிக்க மாட்டா, அதுக்கு எதுக்கு டீச்சருன்னு எய்தி கீறாங்கன்னு நெனச்சிக்கினேன்."

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சொல்லுக்கு அந்தக் கேள்வியே வராது என்றுதான் அர்த்தம் என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை.

என்னிடம் இருந்த இணைப்பை அவரிடம் கொடுத்து நானே படித்துக் காட்டினேன். "டீச்சர் இருக்காங்க. வேலையில இருக்காங்க. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வர்றாங்க."

"வர்றாங்களா?"

"உடம்பு சரியில்லாம லீவுல இருந்தாங்க. அக்டோபர் கடைசியிலதான் திரும்பச் சேர்ந்தாங்க" என்றார் உதவியாளர்.

ஆட்டோக்காரர் அங்கே கிடந்த ஒரு கோப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் அத்த ஸ்கூலுக்கு அனுப்பல. இந்தப் பேப்பர் வந்த நாள்லேந்து. ஒரு மாசத்துக்கு மேல வூட்லதான் கீது. கிளாஸ் டீச்சர் போன் பண்ணாங்கோ. ஸ்பெஷல் டீச்சர் வந்துட்டாங்க, அனுப்புங்கன்னு சொன்னாங்கோ. நான்தான் நம்பல. கையில கவருமெண்டு சீல் போட்ட பேப்பர் கீது, வாயால சொல்றதை எப்டி நம்புறதுன்னு இருந்துட்டேன்."

அந்த வராந்தாவில், கயிறு கட்டிய கோப்புகளுக்கு நடுவே, அவர் சொன்னது எனக்கும் பொருந்தியது. என் மகள் வாயால் சொன்னாள். தலைமையாசிரியை வாயால் சொன்னார். நானும் தாளைத்தான் நம்பினேன். அவர் தன் பெண்ணை வீட்டில் உட்கார வைத்தார். நான் ஊர் முழுக்க ஒருவர் பெயரைக் கெடுத்தேன்.

இரண்டு இணைப்புகளுக்கும் புதிதாக நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, எண்ணைப் பெரிதாக வட்டமிட்டுக் கொடுத்தார் உதவியாளர். கீழே இறங்கியதும் ஆட்டோக்காரர், "தாம்பரம்தானேக்கா? ஏறு. வழியில எங்கூட்டாண்ட ஒரு நிமிசம் நின்னுட்டுப் போலாம். நான் சொன்னா எங்கூட்டம்மா நம்பாது. நீ படிச்சுக் காட்டு" என்றார். நான் ஏறிக்கொண்டேன்.

திருநீர்மலைக் குன்றுக்குக் கீழே, ஏரிக்கரை ஓரம், ஓட்டு வீடு. வாசலில் கட்டிலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். மடியில் ஒரு சிலேட்டு. அப்பாவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள். அவளுடைய அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் படித்ததை நின்றபடியே கேட்டார். முடிந்ததும் என்னைக் கேட்டார்.

"ஏங்க, இது நெஜமாவே எங்க கேள்விக்கு வந்த பதில்தானா?"

ஆம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணைச் சரிபார்த்தாயிற்று, கையெழுத்தும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. முதலில் வந்த தாளையும் நான் அப்படித்தான் நம்பினேன். "செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். "டீச்சர் வந்தாங்களான்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

தாம்பரத்தில் இறக்கிவிட்டபோது அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நான் போட்ட தாள் வேறு பள்ளியைப் பற்றியது, எனக்குத் தவறுதலாக வந்தது, தலைமையாசிரியை மேல் எந்தத் தவறும் இல்லை, அவசரப்பட்டதற்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். முதல் செய்திக்கு வந்த பதில்கள் எழுபதைத் தாண்டியிருந்தன. சொந்தக்காரர் என்று எழுதியவர், 'இருந்தாலும் ஏதோ இருக்கு' என்று போட்டார். அந்த 'ஏதோ'வை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தனியாகப் போன் செய்தேன். "விடுங்க சிஸ்டர், ஸ்கூல்னா அப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் சரியான இணைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். இந்த முறை எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தாளின் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷமே ஒப்படைச்சாச்சா?"

"அப்படித்தான் போட்டிருக்கு மேடம்."

"எனக்கு யாரும் சொல்லலையே. பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா உபரின்னு எடுப்பாங்க, தெரியும். அந்த வருஷம் கொஞ்சம் குறைஞ்சது. ஆனா சார் ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்கதானே இருந்தாரு? அவரோட போகட்டும்னு விட்டுட்டாங்க போல." கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டவில்லை. "அப்போ நான் ஆறு மாசமா இல்லாத இடத்துக்கு ஆள் கேட்டுட்டு இருந்தேனாம்மா? காலி, காலின்னு சிவப்பு மையில எழுதிட்டு இருந்தேனே."

நாங்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் சத்தம் போட்டுக்கொண்டு போனது. பிறகு அவர் இழுப்பறையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தார்.

"உங்களுக்கு அடிக்கத் தெரியுமில்ல? காலியிடத்தை நிரப்புங்கன்னு கேக்கக் கூடாது. பணியிடத்தைத் திரும்பக் குடுங்கன்னு கேக்கணும். அது வரைக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா ஒரு ஆளைப் போட அனுமதி வேணும்னு தனியா ஒண்ணு. ரெண்டும் அடிங்க. இந்த வருஷம் பிள்ளைங்க எண்ணிக்கை கூடியிருக்கு, அதையும் சேருங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பதிவேட்டைப் பார்க்கும் வரை அவரை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது இடையிடையே நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் தலையை நிமிர்த்தவில்லை. அடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது கோப்பு எண்ணை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டோக்காரரின் போன் வந்தது. டீச்சர் வந்திருந்தாராம். பெண்ணைப் பார்த்ததும், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கோபித்துக்கொண்டாராம். "எம்பொண்ணு அழுதுட்சுக்கா" என்றார். "ஏன் அழுதான்னு தெர்ல. சந்தோசமா, கோவமா, ஒண்ணும் புரில." நல்லபடியாகப் போகட்டும் என்றேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது தற்காலிகமாக ஒரு கணக்கு ஆசிரியை வந்தார். கல்லூரி முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். முதல் வாரமே என் மகளின் நோட்டில் சிவப்பு மை வந்துவிட்டது. நான் அழகு என்று நினைத்த பக்கங்களில் பாதிக்கு மேல் தவறு. விடை சரியாக இருந்தாலும் போகும் வழி தவறு என்று எழுதியிருந்தார். "கைடைப் பார்த்து எழுதினா அப்படித்தான் இருக்கும்" என்றாள் என் மகள். ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறிவிட்டாள். நன்றாக என்று சொல்ல முடியாது. அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றாள். டீக்கடையில் நின்றதைச் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரியுமாம். அவள் தோழி ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்து இருவரும் சிரித்திருக்கிறார்கள். அவளுக்கு வலித்ததா என்று நான் கேட்டபோது, நோட்டை மூடிப் பையில் வைத்தாள்.

பணியிடத்தைத் திரும்பக் கேட்ட கடிதத்துக்கு, கல்வியாண்டு முடியும் வரை ஒரு பதிலும் வரவில்லை. மே மாதம் தலைமையாசிரியைக்கு மாறுதல் வந்தது. அவராகக் கேட்டு வாங்கியதா, வந்ததா என்று ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். நான் அவரிடமே கேட்டேன். "ரெண்டும்தாம்மா" என்றார். போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்க கேட்டது நல்லதுதான்" என்றார். முதலில் கேட்டதையா, பிறகு கேட்டதையா என்று நான் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டம் வைத்தார். முடிந்து வெளியே வரும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தகவல் சட்டத்துல மனு போட்டது நீங்கதானா?"

"ஆமா சார்."

"உங்க பேர்ல ஒரு ஃபைல் இருக்கு. ரெண்டு பதிலும், பழைய மேடம் எழுதி வெச்ச குறிப்பும் இருக்கு. படிச்சேன். எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க கணக்கு டீச்சரைக் கேட்டீங்களா, ஸ்பெஷல் டீச்சரைக் கேட்டீங்களா?"

இரண்டு பேரையும் கேட்கவில்லை சார், கணக்கு டீச்சரைத்தான் கேட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். நான் உட்கார்ந்தேன்.